மலைநாட்டுக் கல்லும் கல்லைப் போன்றதும்

கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையை ஒரு கரிய கற்பலகை மூடியிருக்கிறது. அக்கல் வங்காளத்தில் வெட்டப்பட்டதன்று. சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியிலிருந்து சென்றது. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலண்டு அதனை ஆராய்ந்து, 1893ஆம் ஆண்டில் அவ்வகைப் பாறைக்குச் 'சார்னோக்கைட்டு' என்று பெயர் சூட்டினார். அதே பாறைதான் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் பரவிக் கிடக்கிறது. பூமியின் ஆழத்தில் வெந்து உருவான கல் அது. ஆகவே, 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து மலையேறிய தொழிலாளர், அந்நிய மண்ணில் தம் ஊர்க் கல்லையே எதிர்கொண்டனர் எனலாம்.

காடு அழித்துக் காப்பி நட்டபோது முதலில் அகற்ற வேண்டியிருந்தது பாறை. உருட்டக் கூடியதை உருட்டினர். உருட்ட முடியாததை வரிசையாகத் துளையிட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கிச் சம்மட்டியால் அடித்துப் பிளந்தனர். அவ்வாறு உடைத்த கல் எங்கும் வீணாகவில்லை. சரிவில் மண் கரையாமல் தாங்கும் கற்கட்டுகளாயிற்று; பாலங்களுக்கு அடித்தளமாயிற்று; தேயிலைக் காலத்தில் லயங்களின் சுவருமாயிற்று. காப்பிக் காலத்து லயங்கள் பெரும்பாலும் மண்ணும் வரிச்சும் கொண்டவை. பின்னர் வந்தவற்றுக்குக் கருங்கல்லோ செங்கல்லோ சுவராக, தகரம் கூரையாயிற்று. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒரு காம்பராவே ஒரு குடும்பத்தின் உலகம். அங்கே கல் பயன்பட்டது அழகுக்காக அன்று. அருகிலேயே விலையின்றிக் கிடைத்ததாற்றான். முகம் செதுக்காத உடைகல்லை அடுக்கி, இடைவெளியை மண்ணாலோ சுண்ணச் சாந்தாலோ நிரப்பி, மேலே வெள்ளையடித்தால் வேலை முடிந்தது.

அதே பாறை வேறிடங்களில் வேறு மதிப்புப் பெற்றது. டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டில் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயம் கல்லால் ஆனது. சற்று அப்பால் அப்புத்தளையில், சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931ஆம் ஆண்டில் கட்டி முடித்த அடிஷாம் மாளிகை, இங்கிலாந்தின் கெண்டு மாவட்டத்துக் கோட்டையொன்றை நினைவூட்டுமாறு செதுக்கிய கருங்கல்லால் உயர்ந்தது. ஆயின், சார்னோக்கைட்டைச் செதுக்குவது எளிதன்று. அது உளியின் முனையை விரைவில் மழுக்கிவிடும். எல்லாத் துரைமாரும் வில்லியர்ஸ் ஆக இயலுமா? அங்கேதான் செயற்கைக் கல்லுக்கு வேலை வந்தது.

கல்லைப் போலச் செய்தல் ஐரோப்பாவில் அதற்கு முன்னரே வளர்ந்திருந்த கலை. 1769ஆம் ஆண்டு முதல் இலண்டனில் எலினார் கோடு என்னும் பெண்மணி, களிமண்ணைப் பக்குவப்படுத்திச் சூளையில் சுட்டுக் கற்சிலை போன்ற உருவங்களை விற்றார். 1824ஆம் ஆண்டில் ஜோசப் ஆஸ்ப்டின் தாம் கண்ட சீமெந்துக்குப் 'போர்ட்லண்டு' எனப் பெயரிட்டதும், அது இறுகியபின் போர்ட்லண்டுத் தீவின் கட்டடக் கல்லை ஒத்திருந்தமையால்தான். அட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் இருப்புப்பாதை எட்டியபின், கப்பலில் வந்த சீமெந்தை மலையுச்சிக்கு ஏற்றுவது எளிதாயிற்று.

செய்முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். மரப்பெட்டி போன்ற அச்சில், கற்றூளும் சீமெந்தும் கலந்த நல்ல கலவையை ஓர் அங்குல அளவுக்கு முதலில் இட்டு, அதன் பின்புறம் சாதாரணக் கொங்கிறீற்றை நிரப்பி இடிப்பர். அச்சை நீக்கியபின் ஒரு வாரமேனும் ஈரச் சாக்கால் மூடி வைத்தல் வேண்டும். வெயிலில் விரைந்து உலர்ந்தால் மயிரிழை வெடிப்புத் தோன்றும். பிறகு முகத்தின் மேற்படிந்த சீமெந்துப் பாலை உளியால் கொத்தியோ தூரிகையால் தேய்த்தோ அகற்றினால், உள்ளிருக்கும் கல்மணிகள் வெளிப்படும். இதனினும் மலிவான வழி, சுவரில் சாந்து பூசி, அது ஈரமாயிருக்கும்போதே கரண்டி முனையால் கோடு கீறிக் கல் அடுக்கியதைப் போலக் காட்டுவது.

சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனியும் ஓயாத மழையும் இப்போலியைச் சோதிக்காமல் விடுவதில்லை. ஒட்டிய பலகையின் பின்புறம் நீர் புகுந்தால் பிடிப்பு விடும். தாங்கும் இரும்புக் கொக்கி துருவேறிப் பருத்தால் முகமே பிளக்கும். கட்டிய கல்லுக்கு இத்தொல்லை இல்லை. பாசி படியும், அவ்வளவே.

இக்கதையின் ஒரு கிளை தமிழகத்துக்கே திரும்புகிறது. காப்பித் தோட்டக் காலத்திலேயே இலங்கையில் கொடுக்கல்வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடல் கடந்து ஈட்டிய செல்வத்தைச் செட்டிநாட்டு மாளிகைகளில் கொட்டினர். அங்கே ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சீமெந்துக் குழம்பை வார்த்து, உலர்ந்த கலவை தூவி, பின்புறம் சாந்து நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துத் தளக்கல் செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் வழவழப்பாக மாறுகிறது. சூளையும் இல்லை, மெருகேற்றும் பொறியும் இல்லை. அந்தச் செல்வத்தில் மலைநாட்டுக் காப்பிக்கும் தேயிலைக்கும் பங்குண்டு. ஆயின், அவற்றைப் பறித்தவர் காம்பராவில் தரை நெடுங்காலம் சாணம் மெழுகிய மண்ணாகவே இருந்தது.

1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தென்னிலங்கைக் கட்டடங்களுக்கும் உதவியது. போரினால் 1990ஆம் ஆண்டில் அவ்வாலை மூடப்பட்டது. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர், முன்பு ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகளைத் தோட்ட மக்களுக்குக் கட்டித் தருவதாக அறிவித்தார். தனித்தனி வீடு, அதற்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது, நூறாண்டுக்கு மேலாக ஒட்டிய சுவர்களுக்குள் வாழ்ந்தோர்க்குச் சிறிய செய்தியன்று. எனினும் பெருந்தொகையினர் இன்னும் பழைய லயங்களிலேயே இருக்கின்றனர்.

இன்று செயற்கைக் கற்பலகையை வார்ப்போர் இரப்பர் அச்சைக் கையாளுகின்றனர். கையால் உடைத்த உண்மைக் கல்லின் முகத்தின்மேல் இரப்பரைப் பூசி, அதன் மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் அச்சிற் பதித்து, இரும்பு ஆக்சைடு கலந்த சீமெந்தை ஊற்றி, இரண்டங்குலத்துக்கும் குறைந்த தடிப்பில் நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுக்கின்றனர். அப்பலகைகள் விடுதி முகப்புகளில் விலை பெறுகின்றன. லயத்துச் சுவரில் வெள்ளை உதிர்ந்த இடத்திலோ, யாரோ ஒருவர் சம்மட்டியால் பிளந்த மூலக்கல்லே வெளியே தெரிகிறது. ஆப்பு இறங்கிய துளையின் பாதி அதன் விளிம்பில் இன்னும் இருக்கிறது.