விலைக்கு வந்த வீடு

எங்கள் கொடைக்கானல் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை சென்ட் என்றுதான். தகரக் கூரையை நிமிர்ந்தும், மரத்தளத்தைக் குனிந்தும் யாரும் பார்ப்பதில்லை. இடிக்கப் போகிறவர்களுக்கு அவை எதற்கு?

இந்த ஊரில் வீடுகள் முளைத்ததே நோய்க்குப் பயந்துதான். மதுரையில் காய்ச்சலும் காலராவும் குடும்பங்களை வாரிக்கொண்டு போக, 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்: சன்னிசைடு, ஷெல்டன். ஏரிகூட தானாக வந்ததல்ல. 1863-ல் வெரே லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்துத் தேக்கியது.

1914-ல் லாஸ் காட் சாலை முடியும்வரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் ஏற வேண்டும். துரைமார்கள் டோலியில் வந்தார்கள். தூக்கியவர்கள் நம்மாட்கள், அவர்கள் பெயரில் இங்கே ஒரு பங்களாவும் இல்லை. எங்கள் கணப்பின் இரும்புத் தட்டியும் யாரோ ஒருவர் தலையில்தான் ஏறியிருக்கும் என்பார் தாத்தா.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வீட்டை வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியவர் அவர். செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: கணப்புக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு மாடம்.

நேற்று வந்த புரோக்கர் பேரிக்காய் மரத்தில் சாய்ந்துகொண்டே விலை பேசினார். இரண்டு காய் பறித்துக் கொடுத்தேன்.