எறிவதா, காப்பாற்றுவதா? குவார்ட்டர்பேக்குகளின் நூறாண்டுத் தலைவலி

2010 ஜனவரி 24. நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கம். மினசோட்டா வைக்கிங்ஸ், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் இரண்டு அணியும் ஆளுக்கு 28 புள்ளிகள். மிச்சம் இருப்பது 19 விநாடிகள். பந்து வைக்கிங்ஸ் கையில். ஜெயித்தால் சூப்பர் பவுல். குவார்ட்டர்பேக் ப்ரெட் ஃபார்வுக்கு வயது 40, கணுக்காலில் அடி. (எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'ஃபாவ்ரே' என்றுதான் வரும். ஆனால் அமெரிக்காவே ஃபார்வ் என்றுதான் கூப்பிடுகிறது.)

அவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. வலது பக்கம் ஓடினார், முன்னால் கொஞ்சம் காலி இடமும் இருந்தது. நாலு எட்டு நொண்டிக்கொண்டே ஓடி விழுந்திருந்தால் போதும், உதைப்பவர் வந்து ஃபீல்ட் கோலுக்கு முயன்றிருப்பார். ஃபார்வ் விழவில்லை. ஓடிக்கொண்டே உடம்பைத் திருப்பி, மைதானத்தின் குறுக்கே இடது பக்கம் எறிந்தார். செயின்ட்ஸ் அணியின் ட்ரேசி போர்ட்டர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. செயின்ட்ஸ் 31-28 என்று ஜெயித்தார்கள். முடிந்தது கதை!

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் உதைத்து ஆடும் கால்பந்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடச் சொல்வது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். எறிந்த பந்தை எதிரணி பிடித்தால் அது இன்டர்செப்ஷன். பந்தும் போச்சு, முன்னேறிய இடமும் போச்சு. அதனால்தான் 'பாஸ் எறிந்தால் மூன்று நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது' என்று அந்தக் காலப் பயிற்சியாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் பிடிக்கலாம், யாருமே பிடிக்காமல் போகலாம், எதிரி பிடிக்கலாம்.

இந்தப் பயம் ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1905இல் மைதானத்தில் உயிர்ச்சேதம் அதிகமாகி, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தங்களில் ஒன்றுதான் 1906இல் அனுமதிக்கப்பட்ட முன்னோக்கிய பாஸ். ஆனால் மனசே இல்லாமல் கொடுத்த அனுமதி அது. பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால்கூட எதிரணிக்குப் போய்விடும்! அந்த வருடம் செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் சட்டப்பூர்வ பாஸுக்கு அதுதான் நடந்தது. தரையில் விழுந்தது, பந்து கைமாறியது. அதே ஆட்டத்தில் அவர் மறுபடி எறிந்து டச்டவுன் எடுத்தார் என்பது வேறு விஷயம்.

விதிகள் பிறகு தளர்ந்தாலும் எறிகிறவனுக்கு விலை அதிகமாகவே இருந்தது. 1962இல் ஹூஸ்டன் ஆயிலர்ஸின் ஜார்ஜ் ப்ளாண்டா ஒரே பருவத்தில் 42 இன்டர்செப்ஷன் கொடுத்தார். இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் 36 டச்டவுன் எறிந்தவரும் அதே ப்ளாண்டாதான். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே மூட்டையில்தான் வந்தன.

இந்த வரலாற்றில் ரசமான அத்தியாயம் ஜோ நேமத். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் செல்லப்பிள்ளை. 1967இல் 4,007 யார்டு எறிந்தார். ஒரு பருவத்தில் 4,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள். அதே வருடம் 26 டச்டவுன், 28 இன்டர்செப்ஷன். 1968 பருவத்தில் ஜெட்ஸ் தோற்றது மூன்றே ஆட்டம். அதில் இரண்டில் நேமத் தலா ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்று பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிராக. பஃபலோ அந்த வருடம் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்படிப்பட்ட நேமத் 1969 ஜனவரியில், மூன்றாவது சூப்பர் பவுலுக்கு முன்னால், "நிச்சயம் ஜெயிப்போம்" என்று வாய்விட்டுச் சொன்னார். எதிரே பருவம் முழுக்க ஒரே ஆட்டம் தோற்ற பால்டிமோர் கோல்ட்ஸ். எல்லோரும் நினைத்தது, இந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு தூரத் தூரமாக எறியப் போகிறார் என்று. நடந்தது நேர்மாறு. மாட் ஸ்னெல் என்ற ஓட்டக்காரரிடம் திரும்பத் திரும்பப் பந்தைக் கொடுத்தார். ஸ்னெல் 121 யார்டு ஓடினார். நேமத் 28 முறை எறிந்தார். டச்டவுன் பூஜ்யம், இன்டர்செப்ஷனும் பூஜ்யம். கடைசிக் கால்பகுதியில் ஒரு பாஸ்கூட எறியவில்லை. நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தது கோல்ட்ஸ்! ஜெட்ஸ் 16-7 என்று ஜெயித்தது, ஆட்டநாயகன் விருது நேமத்துக்கு. வாயளவில் சூதாடி, கையளவில் கணக்குப்பிள்ளை.

அதற்காக 'ஆகவே ஜாக்கிரதைதான் ஜெயிக்கும்' என்று முடிவுகட்டினால் தப்பு. அந்த சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில், ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு எதிராக, கடைசிக் கால்பகுதியில் நேமத் எறிந்த ஒரு பந்து எதிரி கைக்குப் போய், அதனால் ஜெட்ஸ் பின்தங்கியது. வேறு ஒருவராக இருந்தால் அதற்குப் பிறகு பம்மியிருப்பார். நேமத் அடுத்த முறை பந்து வந்தவுடனே டான் மேனார்டுக்கு 52 யார்டு எறிந்தார். அதைத் தொடர்ந்து டச்டவுன். 27-23. அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் சூப்பர் பவுலே கிடையாது.

1978இல் விதிகள் பெரிதாக மாறின. தடுப்பாட்டக்காரர் ரிசீவரை ஐந்து யார்டுக்கு அப்பால் இடித்துத் தள்ளக் கூடாது, குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்று வந்தது. பில் வால்ஷ் போன்ற பயிற்சியாளர்கள், ஓடிப் பெறும் ஐந்து யார்டைக் குட்டிப் பாஸாக எறிந்தும் பெறலாம் என்று காட்டினார்கள். எறிவதும் பத்திரமான வேலை ஆகிவிட்டது.

அந்த வால்ஷின் சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் வேலை பார்த்த மைக் ஹோம்கிரென்தான் 1992இல் க்ரீன் பே பேக்கர்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அதே வருடம் அட்லாண்டாவிலிருந்து வந்து சேர்ந்தவர் ஃபார்வ். அட்லாண்டாவில் எறிந்தது மொத்தம் நாலே பாஸ். தன் அணி பிடித்தது ஒன்றுகூட இல்லை, எதிரி பிடித்தது இரண்டு! கட்டுப்பாடான ஏட்டை அடங்காத கையில் கொடுத்தால் என்ன ஆகும்? நன்றாகத்தான் ஆயிற்று. 1995இல் 38 டச்டவுன், 13 இன்டர்செப்ஷன். 1996இல் 39, 13. தொடர்ந்து மூன்று வருடம் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது (மூன்றாவது, பேரி சாண்டர்ஸோடு பங்கு). 1997 ஜனவரியில் சூப்பர் பவுல்.

ஹோம்கிரென் போனதால்தான் ஃபார்வ் கெட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. ஹோம்கிரென் இருந்த கடைசி வருடமான 1998இலேயே இன்டர்செப்ஷன் 23. 2005இல் 29. பெரிய ஆட்டங்களில் அடி இன்னும் பலமாக விழுந்தது. 2002 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸிடம் ஒரே ஆட்டத்தில் ஆறு. 2004 ஜனவரியில் பிலடெல்பியாவில் ஓவர்டைமில் ஒன்று. 2008 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் ஓவர்டைமில் இன்னொன்று, பேக்கர்ஸ் சட்டையில் அவர் எறிந்த கடைசிப் பாஸ் அதுதான்.

அவருக்குப் பிறகு வந்த ஆரன் ராட்ஜர்ஸ் வேறு ஜாதி. சந்தேகம் வந்தால் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுவார், இல்லையென்றால் பிடிபட்டு விழுவார். 2018இல் தொடர்ந்து 402 பாஸ்களுக்கு இன்டர்செப்ஷனே இல்லை. அந்தப் பருவம் முழுக்கவே இரண்டுதான். பேக்கர்ஸுக்காக ஃபார்வ் 442 டச்டவுன், 286 இன்டர்செப்ஷன். ராட்ஜர்ஸ் 475, வெறும் 105. ஏறக்குறைய அதே அளவு வருடங்கள், அதே ஊர், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான தவறு. அப்படியானால் கோப்பை எத்தனை வந்திருக்க வேண்டும்? இருவருக்கும் ஒன்று, ஒன்று! சூப்பர் பவுலுக்குப் போனதில்கூட ஃபார்வுக்கு இரண்டு, ராட்ஜர்ஸுக்கு ஒன்று. தடுப்பாட்டம், பயிற்சியாளர், அதிர்ஷ்டம் எல்லாம் இதில் சேர்ந்தவைதான். ஆனாலும் இன்டர்செப்ஷன் மட்டும்தான் கணக்கேட்டில் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. எறிந்திருக்க வேண்டிய, ஆனால் எறியாமல் விட்ட பந்துக்குக் கட்டமே கிடையாது.

இதற்கு அடுத்த பக்கமும் உண்டு. 2019இல் டாம்பா பேயின் ஜேமிஸ் வின்ஸ்டன் 33 டச்டவுன், 30 இன்டர்செப்ஷன். அவருடைய கடைசிப் பாஸை எதிரி பிடித்து, டச்டவுனாக்கி, ஆட்டத்தையே முடித்தார். அடுத்த வருடம் அவர் இடத்துக்கு வந்த டாம் பிரேடி 40 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். சூப்பர் பவுலும் வந்தது.

நியூ ஆர்லியன்ஸில் எறிந்த அந்தப் பந்தில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவம் முழுக்க ஃபார்வ் திருந்திய மனிதர். 33 டச்டவுன், ஏழே ஏழு இன்டர்செப்ஷன். அவர் வாழ்க்கையிலேயே ஜாக்கிரதையான வருடம். அன்று வைக்கிங்ஸ் ஆட்கள் பந்தைத் தவறவிட்டு மூன்று முறை பறிகொடுத்ததையும், அந்தப் பாஸுக்குச் சற்று முன் கூட்டத்தில் 12 பேர் நின்றதற்காக ஐந்து யார்டு அபராதம் வாங்கியதையும் யாரும் பேசுவதில்லை. அபராதம் இல்லாவிட்டால் ஃபீல்ட் கோலுக்குத் தூரம் குறைந்திருக்கும், எறியும் அவசியமும் குறைந்திருக்கும். போர்ட்டரோ, அடுத்து வந்த சூப்பர் பவுலில் பெய்டன் மேனிங் எறிந்த பந்தையும் பிடித்து 74 யார்டு ஓடிவிட்டார். ஆக, அவர் கையில் சிக்கியது ஃபார்வ் மட்டும் இல்லை.

2007 செப்டம்பர் 30 அன்று டான் மரினோவின் 420 டச்டவுன் சாதனையை ஃபார்வ் முறியடித்தார். சரியாக இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 14 அன்று, ப்ளாண்டாவின் 277 இன்டர்செப்ஷன் சாதனையையும் முறியடித்தார். டச்டவுன் சாதனையைப் பிறகு மேனிங் வந்து எடுத்துக்கொண்டார். 336 இன்டர்செப்ஷன் மட்டும் இன்னும் ஃபார்வ் பெயரில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் அவ்வளவு எறியும் வரைக்கும் யாரையும் களத்தில் விட்டுவைப்பதில்லை.