கண்ணாடித் தொட்டியும் கள்ளப் பூனையும்



1747 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இலண்டன் மாநகரில் ஆர்லிங்டன் வீதியிலிருந்த ஒரு செல்வர் இல்லத்தில் ஒரு பூனை இறந்தது. ஸெலீமா என்பது அதன் பெயர். வீட்டுக்குரியவர் ஹொரேஸ் வால்போல். இவர் இங்கிலாந்தின் முதற் பிரதம மந்திரியெனக் கொள்ளப்படும் ரொபர்ட் வால்போலின் புதல்வர். அவர் வீட்டிலே நீலமும் வெள்ளையுமாகச் சித்திரந் தீட்டிய சீனத்துப் பீங்கான் தொட்டியொன்றில் பொன்மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பூனை அவற்றைப் பிடிக்க எட்டிற்று, கால் வழுக்கிற்று, நீருள் வீழ்ந்து மாண்டது.

வால்போல் இச்செய்தியைத் தம் நண்பரான கவிஞர் தோமஸ் கிறே என்பாருக்கு எழுதினார். வால்போலிடம் இரு பூனைகள் இருந்தன. ஆதலால் இறந்தது ஸாராவா ஸெலீமாவா என்பது கிறேக்கு விளங்கவில்லை. யாருக்காக அழுவது என்று தெரியாமல் அழுவது எங்ஙனம் என்று வேடிக்கையாக வினவினார். பின்னர் அப்பூனைக்கு ஓர் இரங்கற்பா இயற்றினார். 1748 இல் அச்சேறிய அப்பாடல் இன்றும் ஆங்கிலம் பயில்வோர் அறிந்த ஒன்று. பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன் அதனை அத்துணை மதிக்கவில்லை. ஆயினும் அவர் பூனைகளை வெறுத்தவர் அல்லர். ஹொட்ஜ் என்னும் தம் பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குச் சென்றவர். வால்போல் பிற்காலத்தில் அந்தத் தொட்டியை ஸ்ட்ரோபரி ஹில் மாளிகையில் ஒரு பீடத்தின்மேல் வைத்து, நண்பரின் பாடலது முதற் செய்யுளை அதிற் பொறித்துப் பேணினார்.

வீட்டினுள் மீன் வளர்ப்போர் அனைவருக்கும் இந்நிகழ்ச்சி ஒரு பழைய வழக்கேடு போன்றது. இங்கே இறந்தது மீனன்று, பூனை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வாய் திறந்த பாத்திரம் இருதிறத்தாருக்கும் ஆபத்து.

மீனை அழகுக்காக வளர்க்கும் வழக்கத்தைச் சீனர் தொடங்கினர். சோங் மரபினர் ஆண்ட காலத்திலே செந்நிறக் கெண்டைகளைக் குளங்களில் தனியே காத்து இனம்பெருக்கினர். மிங் காலத்திலே அவை பீங்கான் தொட்டிகளிற் குடியேறி வீட்டினுள் வந்தன. 1596 ஆம் ஆண்டிலேயே அங்கு பொன்மீன் வளர்ப்பைப் பற்றித் தனிநூல் தோன்றிவிட்டது. 17 ஆம் நூற்றாண்டிற் பொன்மீன் ஐரோப்பாவை அடைந்தது. எனினும், மேலிருந்து நோக்கும் தொட்டி மறைந்து, பக்கத்திலிருந்து நோக்கும் கண்ணாடித் தொட்டி பரவியது 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான். நீர்ச்செடியும் நத்தையும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழுமாறு அமைக்கலாம் என்று ரொபர்ட் வரிங்டன் என்னும் இரசாயனர் 1850 இல் எடுத்துக்காட்டினார். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் மத்தியதர மக்களின் வரவேற்பறைகளிலே கண்ணாடித் தொட்டிகளைக் குடியேற்றிவிட்டது. அவ்வறைகளிற் பூனைகளும் முன்னமே இருந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி நம் கண்டிக்கு வருவோம். இங்கே பெரியதொரு தொட்டியை அமைத்தவன் அரசனே. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டு தொடங்கி, தலதா மாளிகையின் முன்னிருந்த வயல்நிலத்துக்கு அணை கட்டி வாவியை ஆக்கினான். தேவேந்திர மூலாச்சாரி அதன் சிற்பி. வாவியைச் சூழ்ந்த முகில் மதில் முற்றுப்பெறுமுன் 1815 இல் அரசன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். குறைச் சுவர் இன்றும் குறைச் சுவராகவே நிற்கிறது. அவ்வாவியில் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. மாலையில் அரசமர நிழலில் நின்று பொரி தூவும் சிறுவர்களைச் சுற்றி மீன்கள் அஞ்சாமல் மொய்ப்பதை நாம் காண்கிறோம். தொட்டியில் வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீன்களை இரவில் அங்கே கொண்டுபோய் விடுவோரும் உளர். அது வாவியின் மீன்களுக்குச் செய்யும் கேடாகும்.

அயல்நாட்டு மீனை நாடவேண்டிய தேவையும் நமக்கில்லை. உலகெங்கும் தொட்டிகளை அழகுசெய்யும் செந்நிறக் குறுங்கெண்டை இந்நாட்டின் ஓடைகளுக்கே உரியது. கலாநிதி தெரணியகல 1929 இல் அதனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தார். சிங்கள மக்கள் அதனை 'லே தித்தையா' என்பர். லே எனில் இரத்தம். அதன் உறவான மற்றொன்றின் பெயர் 'புலத் ஹப்பயா'. வெற்றிலை மெல்பவன் என்பது பொருள். ஆண்மீனின் முகம் செம்மையேறி, தாம்பூலம் தரித்த வாய்போலத் தோன்றுவதைக் கண்டு இப்பெயரிட்ட கிராமத்தவரின் கூர்மையை நான் வியக்கிறேன்.

இந்த வெற்றிலை மெல்பவராலேதான் யானும் ஒரு குற்றத்துக்கு உள்ளானேன். அதனை இங்கு மறையாது சொல்லுதல் முறை.

கண்டிக்கு அயலிலுள்ள ஒரு பாடசாலையில் அதிபராகப் பொறுப்பேற்ற முதலாம் ஆண்டிலே, விஞ்ஞான கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தோம். பன்னிரண்டு மீன்கள் விட்டோம். மாணவர் முறைவைத்து உணவிட்டனர். மூன்றாம் வாரத்தில் மீன்கள் குறையலாயின. பன்னிரண்டு பத்தாயிற்று, பத்து எட்டாயிற்று. பாடசாலைச் சமையலறையை அண்டி வாழ்ந்த சாம்பல்நிறப் பூனையொன்று ஒருநாட் காலை தொட்டியின் அடியில் அமர்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. தரையிலே இரண்டு செதில்கள். வேறு சாட்சி வேண்டுமோ? சிற்றூழியரை அழைத்தேன். பூனை சாக்கிற் புகுந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, மகாவலியின் அக்கரை சேர்ந்தது.

நான் சரித்திரம் கற்பித்தவன். ஒரு சாட்சியை மட்டும் நம்பி முடிவு கூறலாகாது என்று ஆண்டுதோறும் வகுப்பிலே கூறியவன். ஆயினும் பூனை என்றவுடன் தீர்ப்பு நாவின் நுனியிலேயே வந்துவிட்டது. தமிழர் மரபு பூனைக்குக் கொடுத்த பெயர் அத்தகையது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே, முனிவரைப்போலக் கைகளை உயர்த்தித் தவஞ்செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் 7 ஆம் நூற்றாண்டுச் சிற்பி செதுக்கிவைத்தான். கம்பநாடர் தமது பேராசையைக் கூறப் புகுந்தபோதும், பாற்கடல் முழுவதையும் நக்கிவிட எண்ணிய பூனையையே உவமையாகத் தேர்ந்தார். போலித் துறவி, பேராசைக்காரன், கள்வன்: இத்தனை பட்டங்களோடு ஓர் உயிர் குற்றக்கூண்டில் ஏறினால் அதற்காக வாதாடுவார் யார்?

வாதாடியவள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. "சேர், பூனையைக் கொண்டுபோன பிறகும் மீன் குறைகிறதே" என்றாள். எண்ணிப் பார்த்தோம், ஏழுதான் இருந்தன. அலுமாரியை நகர்த்தினோம். அதன் பின்னே இரு மீன்கள் காய்ந்து கருவாடாகிக் கிடந்தன. தொட்டியில் விளிம்பளவும் நீர் நிரப்பியிருந்தோம், மூடி இடவில்லை. இவ்வகை மீன்கள் அச்சத்தாலோ துரத்தலாலோ இரவில் துள்ளுவன. துள்ளியவை தரையில் வீழ்ந்தன. பூனை தரையிற் கிடந்ததைத் தின்றதேயன்றித் தொட்டியைத் தொடவில்லை. பூனையைத் தேடி இருமுறை அக்கரைக்குச் சென்றேன். கிடைக்கவில்லை.

அதன்பின் நாங்கள் செய்தவற்றை வீட்டிலே தொட்டி வைத்திருக்கும் நேயர்களின் பொருட்டுக் கூறுகிறேன். முதலாவது, மூடி. பாரமான கண்ணாடித் தகட்டை ஒரு மூலையில் மாத்திரம் வெட்டிக் காற்றுக்குழாய்க்கு வழிவிட்டு, நான்கு பக்கமும் பொருந்த வைத்தோம். இலேசான தகடாயின் பூனை ஏறும்போது சரிந்து, ஸெலீமாவின் கதை மீளவும் நிகழும். நீர்மட்டத்தை விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிறுத்தினோம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ நிறை. அறுபது லீற்றர் கொண்ட தொட்டியைப் பூனையாற் புரட்ட இயலாது. மேசைமேல் வைக்கும் சிறு கண்ணாடிக் கிண்ணமே எளிதிற் கவிழும். அதனை மீனுக்கு வீடென்று சொல்வதே தகாது. தொட்டியருகே யன்னற்கட்டோ கதிரையோ இருப்பின் அது பூனைக்கு ஏணியாகும். மின்கம்பிகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டுதல் வேண்டும். ஈரக்காலுடன் அவற்றைக் கடிக்கும் குட்டிகள் இறந்துபோதல் உண்டு. தொட்டியின் பின்புறத்தில் அடர்ந்த செடியும், நுழைந்து ஒளிக்க ஒரு கல்லிடுக்கும் அமைத்தால், கண்ணாடிக்கு வெளியே இரு கண்கள் பளபளக்கும்போது மீன்கள் அங்கே ஒதுங்கும். பூனையை அடிப்பதாற் பயனில்லை. அசைவதைக் கண்டால் நோக்குவது அதன் இயல்பு.

முற்றத்திலே சீமெந்துக் குளம் கட்டி மீன் வளர்ப்போருக்கு வேறொரு விருந்தாளி வரக்கூடும். நீர் கண்டால் அஞ்சாத பூனையும் நம் நாட்டில் உண்டு. சிங்களத்தில் 'ஹந்துன் திவியா' எனப்படும் மீன்பிடிப் பூனை வீட்டுப்பூனையிலும் ஏறத்தாழ இருமடங்கு பெரியது, குறுகிய வாலும், விரல்களிடையே சிறிது தோலும் உடையது, நீந்தி மீன்பிடிப்பது. தாழ்நிலச் சதுப்புகளில் மட்டுமன்றி மலைநாட்டு ஓடைகளிலும் அது வாழ்கிறது. 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் கொழும்பு நகரின் நடுவே ஓர் அலுவலகக் குளத்தில் விலையுயர்ந்த கெண்டைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. காவலாளர்மீதும் ஐயம் எழுந்திருக்கலாம். கமெரா பொருத்தி நோக்கியபோது அகப்பட்டது இப்பூனையே. உலகளவில் அருகிவரும் உயிர்களின் வரிசையில் அது வைக்கப்பட்டுள்ளது. இந்நாட்டுச் சட்டமும் அதனைக் காக்கிறது. கோழிக்கூட்டிலும் மீன்குளத்திலும் இழப்புற்றவர்கள் பொறியும் நஞ்சும் வைப்பதாற் பல மடிகின்றன; வீதியில் வாகனங்களில் அடிபட்டு மடிவன வேறு. குளத்தின்மேல் மாலையில் இறுக்கமாகக் கம்பிவலை விரித்து, அடியில் அகன்ற குழாய்த்துண்டுகளை இட்டால் மீனும் பிழைக்கும், வந்ததும் பிழைத்துப் போகும். ஒரு குளத்து மீனின் விலைக்கு அத்தகைய உயிர் ஒன்றை மாய்ப்பது எவ்வாற்றானும் நியாயமன்று.

எங்கள் விஞ்ஞான கூடத்துத் தொட்டி பன்னாள் நீடித்தது. அங்கே பின்னர் மற்றொரு பூனை வந்து சேர்ந்தது. கண்டியின் மார்கழிக் குளிரில், விளக்கின் வெதுவெதுப்பை நாடி, அது கண்ணாடி மூடியின்மேலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். கீழே வெற்றிலை மெல்பவர்கள் தம்பாட்டில் உலாவுவர். ஒன்பது மணிக்குக் காவலாளர் விளக்கை அணைப்பார். பூனையும் சோம்பல் முறித்து இறங்கிச் சமையலறைப் பக்கம் போய்விடும்.