மெய்யும் ஒற்றும் புள்ளியும்

க், ங் முதலாய 18 எழுத்துக்களையும் மெய் என்றும் ஒற்று என்றும் புள்ளி என்றும் மூன்று பெயரால் வழங்குகின்றது தொல்காப்பியம். பொருள் ஒன்றாயின் பெயர் மூன்று எற்றுக்கு என்னும் வினா எழுதல் இயல்பே.

மெய் என்பது உடம்பு. உயிரின்றி உடம்பு இயங்காமை போல, அகர முதலிய உயிர்களின் துணையின்றி இவை இனிது இயங்கா. வடநூலார் இவற்றை வெளிப்படுத்துவது என்னும் பொருளில் வியஞ்சனம் என்றனர். இலத்தீன் மொழியார் உடனொலிப்பது என்றனர். தமிழ்ப் பெயரோ உயிர், மெய், உயிர்மெய் என்னும் மூன்றன் தொடர்பையும் ஓர் உவமையாலே விளக்கி நிற்கின்றது.

உயிரேறாது தனித்து நின்று அரை மாத்திரை அளவாய் ஒலிக்கும் நிலையிலே அவ்வெழுத்து ஒற்று எனப்படும். புணர்ச்சியில் ஒற்று மிகும் என்பதன்றி மெய் மிகும் என்னும் வழக்குப் பெரிதும் இல்லாமை காண்க.

புள்ளி என்பது வரிவடிவு பற்றிய பெயர். மெய்யீற்றுச் சொற்களின் புணர்ச்சி கூறும் இயலுக்குப் புள்ளி மயங்கியல் என்றே தொல்காப்பியம் பெயரிட்டது. இப்பெயரின் அருமையைக் கல்வெட்டுக்கள் உணர்த்தும். தமிழ்ப் பிராமி எழுத்துமுறை மூன்று நிலைகளை உடையது என்பதனை ஐராவதம் மகாதேவன் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். முதல் முறையில் வெற்றெழுத்து மெய்யையே குறித்தது. பக்கக் கோடு அகரம், ஆகாரம் இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஆதலின் பல், பால் என்பன ஒருபடித்தாய் எழுதப்பட்டு மயங்கும். இரண்டாம் முறையில் அக்கோடு ஆகாரத்துக்கே உரியதாக, வெற்றெழுத்து மெய்யையும் அகரமேறிய மெய்யையும் ஒருங்கே குறித்தது. ஈண்டுப் பல், பல என்பன மயங்கும். மூன்றாம் முறையில் மெய்க்குப் புள்ளி இட்ட பின்னரே இவ்விரு மயக்கமும் ஒழிந்தன.

எனினும், ஓலையில் எழுதினோர் புள்ளியைப் பெரும்பாலும் இட்டிலர். கூரிய எழுத்தாணியாற் குத்தின் ஏடு துளைபட்டுக் கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். கண்ணுக்குப் புலனாகாத புள்ளியைக் கற்போர் இலக்கண அறிவினாலே உய்த்துணர வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியபோது, அவர் போன்ற பதிப்பாசிரியர்க்கு எதிர்நின்ற இடர்களுள் இதுவும் ஒன்று. புள்ளி பிழைப்பின் சொல் பிழைக்கும். சொல் பிழைப்பின் பொருள் கெடும்.

ஆகவே, இம்மூன்று பெயரும் வீண் மிகையல்ல. மெய் என்பது இயல்பையும், ஒற்று என்பது ஒலிநிலையையும், புள்ளி என்பது வடிவையும் உணர்த்தும். ஏட்டினின்று புள்ளி மறைந்த காலத்தும் இலக்கணத்தில் அப்பெயர் மறையவில்லை. இன்று ஒவ்வோர் அச்சுப் பக்கத்திலும் புள்ளி தன் இடத்தில் நிற்பதற்கு அப்பெயரைக் காத்த கல்வி மரபே காரணமாகும்.