ஸ்டோயிக் மெய்யியல்

ஸ்டோயிக் மெய்யியல் என்பது கி.மு. 300 அளவில் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் தோன்றிய ஒரு மெய்யியல் பள்ளி ஆகும். சிட்டியம் நகரைச் சேர்ந்த சீனோ இதனைத் தோற்றுவித்தார். பகுத்தறிவுக்கும் இயற்கைக்கும் இசைந்து அறவழியில் வாழ்வதே மகிழ்ச்சி என்பதும், அத்தகைய வாழ்வின் பயனாகவே மன அமைதி கிட்டுகின்றது என்பதும் இப்பள்ளியின் மையக் கருத்துக்கள் ஆகும். உணர்ச்சியற்றுத் துன்பத்தைத் தாங்கிக்கொள்வதே ஸ்டோயிக் கொள்கை எனப் பலர் கருதினாலும், இப்பள்ளியினரின் நூல்கள் கூறுவது அதுவன்று.

வரலாறு

சைப்பிரஸ் தீவில் பிறந்த சீனோ, ஏதென்ஸ் நகரச் சந்தைவெளியின் அருகே, ஓவியங்களால் அணிசெய்யப்பட்டிருந்த தூண் மண்டபம் ஒன்றில் கற்பித்தார். கிரேக்க மொழியில் 'ஸ்டோவா' என்பது தூண் மண்டபத்தைக் குறிக்கும். பள்ளியின் பெயர் இதிலிருந்தே வந்தது. சீனோவுக்குப் பின்னர் கிளியாந்தஸ், கிரிசிப்பஸ் ஆகியோர் பள்ளிக்குத் தலைமை தாங்கினர். இம்மூவரின் எழுத்துக்களில் சிதறிய பகுதிகளே எஞ்சியுள்ளன. இன்று பெரிதும் படிக்கப்படுபவை உரோமைப் பேரரசுக் காலத்து மூவரின் நூல்களாகும்.

* செனிக்கா (இறப்பு: கி.பி. 65) - பேரரசன் நீரோவின் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்தவர். பின்னர் அவனது ஆணையால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.
* எபிக்டெட்டஸ் (ஏறத்தாழ கி.பி. 50 - 135) - அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். இவரது போதனைகளை மாணவர் அரியன் எழுதி வைத்தார்.
* மார்க்கஸ் அரேலியஸ் (கி.பி. 121 - 180) - கி.பி. 161 முதல் உரோமைப் பேரரசர். தமக்குத் தாமே கிரேக்க மொழியில் எழுதிய குறிப்புக்கள் நூலாகக் கிடைக்கின்றன.

அடிமையாக இருந்தவரும் பேரரசரும் ஒரே மெய்யியலைப் பின்பற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது.

மகிழ்ச்சி

ஸ்டோயிக் அறிஞர் கூறும் மகிழ்ச்சி, கணநேர இன்பம் அன்று. வாழ்வு முழுவதும் செம்மையாக அமைவதாகும். அறிவுடைமை, நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நற்பண்புகள் மட்டுமே உண்மையான நன்மைகள் என்றும், அவற்றுக்கு எதிரான தீய பண்புகள் மட்டுமே உண்மையான தீமைகள் என்றும் அவர்கள் கொண்டனர். உடல்நலம், செல்வம், புகழ் முதலியவை நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. ஆயினும் நோயை விட உடல்நலத்தைத் தெரிந்துகொள்வது இயற்கைக்கு ஏற்றதே என்பதை அவர்கள் மறுக்கவில்லை.

இதனை விளக்க, சிசெரோ தம் நூலில் வில்லாளி ஒருவனை உவமையாகக் காட்டுகிறார். குறி தவறாமல் எய்வதற்கு வேண்டிய அனைத்தையும் செய்வது வில்லாளியின் கடன். அம்பு இலக்கைத் தைப்பது விரும்பத்தக்கது எனினும், அவனது இறுதி நோக்கம் தன் செயலைச் செவ்வனே செய்வதே ஆகும். எபிக்டெட்டஸ் இதே கருத்தை வேறு வகையில் கூறினார். நமது தீர்ப்புக்கள், விருப்பு, வெறுப்பு ஆகியன நம் வசம் உள்ளவை. உடல், உடைமை, பதவி, பிறர் நம்மைப் பற்றி எண்ணுவது ஆகியன நம் வசம் இல்லாதவை. இரண்டாம் வகையானவற்றில் மகிழ்ச்சியைத் தேடுபவன் அமைதி பெற இயலாது.

உணர்ச்சிகளும் அமைதியும்

ஒரு நிகழ்வு முதலில் மனத்தில் ஒரு பதிவை ஏற்படுத்துகிறது. 'இது தீமை' என்று அப்பதிவுக்கு அறிவு ஒப்புதல் அளிக்கும்போதே அச்சமோ துயரமோ உண்டாகிறது. எனவே உணர்ச்சி வேகம் என்பது ஒரு பிழையான தீர்ப்பு. அதனை அடக்குவதை விட, அதற்கு அடிப்படையான தீர்ப்பைத் திருத்துவதே வழி என்பது இப்பள்ளியின் வாதம்.

இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் ஒரு கடற்பயண நிகழ்வைப் பதிவுசெய்துள்ளார். புயலில் சிக்கிய கப்பலில் இருந்த ஸ்டோயிக் அறிஞர் ஒருவரின் முகமும் வெளிறியது. புயல் ஓய்ந்தபின் காரணம் கேட்டபோது, அவர் எபிக்டெட்டசின் நூலை எடுத்துக் காட்டினார். திடீர் ஆபத்தில் முகம் வெளிறுவது அறிஞனுக்கும் இயல்பு. அந்த அச்சத்துக்கு அவன் ஒப்புதல் அளிப்பதில்லை என்பதே வேறுபாடு என்று அதில் கூறப்பட்டிருந்தது. மேலும், குற்றமற்ற மகிழ்வு, நல்விருப்பம், எச்சரிக்கை ஆகிய மூன்றும் அறிஞனுக்கு உரிய நல்லுணர்வுகள் எனவும் ஸ்டோயிக் அறிஞர்கள் வகுத்தனர்.

விமர்சனங்கள்

மகிழ்ச்சிக்கு உடல்நலம் போன்ற புறநலன்களும் தேவை என அரிஸ்டாட்டில் வழிவந்தோர் வாதிட்டனர். ஸ்டோயிக் கொள்கையில் உள்ள முரண்பாடுகள் குறித்துப் புளூட்டார்க் தனி நூல் எழுதினார். எளிமையைப் போற்றிய செனிக்கா பெருஞ்செல்வராக இருந்ததை அவர் காலத்தவரே சாடினர். அடிமைகளும் மனிதரே, அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று எழுதிய அவர், அடிமை முறையை ஒழிக்குமாறு கோரவில்லை. மனத்தைத் திருத்துமாறு கூறும் கொள்கை, திருத்தப்பட வேண்டிய அநீதிகளைக் கண்டும் அமைதி காக்கச் செய்யுமோ என்ற வினா இதனால் எழுகிறது. மனிதர் அனைவரும் ஒரே உலக நகரின் குடிமக்கள் என்பதும், பொதுநலனுக்காகச் செயற்படுவது ஒவ்வொருவரின் கடமை என்பதும் ஸ்டோயிக் போதனையின் பகுதியே என்பது இதற்குக் கூறப்படும் மறுமொழியாகும்.

பிற்காலத் தாக்கம்

இருபதாம் நூற்றாண்டில் உளச் சிகிச்சை முறைகளை உருவாக்கிய ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் ஆகியோர் தமது முறைகளுக்கு ஸ்டோயிக் மெய்யியல் முன்னோடி எனக் குறிப்பிட்டுள்ளனர். வியட்நாம் போரில் 1965 முதல் 1973 வரை சிறைப்பட்டிருந்த அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், எபிக்டெட்டசின் போதனைகள் தமக்குத் துணைநின்றதைப் பின்னர் எழுதியுள்ளார்.