சிறு கடைகளில் கடன் அட்டை ஏற்பு

வாடிக்கையாளர் நீட்டும் கடன் அட்டையைப் பெற்றுக்கொண்டு, விற்ற பொருளுக்கான பணத்தைக் கடையின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கும் ஏற்பாடு கடன் அட்டை ஏற்பு. கடைத்தெருவில் இதை 'ஸ்வைப்பிங் மெஷின் போடுவது' என்பார்கள். உண்மையில் அந்த மெஷின்தான் இதில் மலிவான பகுதி. எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எப்போது வரும், வந்த பணம் எப்போது திரும்பிப் போகும் என்பதையெல்லாம் மெஷினோடு சேர்ந்து வரும் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. பல கடைக்காரர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் அதில்தான்.

ஓர் அட்டை விற்பனையில் ஐந்து தரப்புகள் உண்டு: அட்டைக்காரர், அவருக்கு அட்டை கொடுத்த வங்கி, கடைக்காரர், கடைக்காரருக்கு மெஷின் கொடுத்த வங்கி, இரண்டு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு. அட்டையைத் தட்டியதும் கடை வங்கியிலிருந்து கேள்வி கிளம்பி, வலையமைப்பு வழியாக அட்டை வங்கியை அடைந்து, சில நொடிகளில் 'அப்ரூவ்டு' என்ற பதிலோடு திரும்புகிறது. இது ஒப்புதல் மட்டுமே, பணம் அல்ல. அன்றைய விற்பனை மொத்தமும் தொகுக்கப்பட்டு, கட்டணம் போக மீதி பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் கணக்கில் ஏறும். மறுநாள் காலை மொத்த வியாபாரிக்கு ரொக்கம் கொடுக்க வேண்டிய காய்கறிக் கடைக்கு இந்த ஒரு நாள் இடைவெளி சிறிய விஷயமல்ல.

அந்தக் கட்டணத்துக்கு எம்.டி.ஆர். என்று பெயர். ஒரு ஜவுளிக் கடையில் 10,000 ரூபாய்க்குப் பட்டுச் சேலை விற்கிறது. கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாய் கழியும். அந்த 200 ரூபாய் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 36 ரூபாய். கடைக்கு வருவது 9,764. வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை அந்த 36 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கு அந்த வழி இல்லை. கழிந்த 200 ரூபாயில் பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போகிறது. வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ரிவார்டு புள்ளிகளுக்கு அங்கிருந்தும் பணம் வருகிறது. அட்டையின் தகுதி உயர உயரக் கட்டணமும் ஏறலாம். நிறுவன அட்டைகளுக்கும் வெளிநாட்டு அட்டைகளுக்கும் தனி விகிதம் இருப்பது வழக்கம். 'ஒன்றரை சதவீதம்தான் சார்' என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், அது எந்த அட்டைக்கு என்று கேட்டுவிட வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கழிவு கடைக்காரர் கண்ணில் உறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2018 ஜனவரி முதல் டெபிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு வைத்தது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைகளுக்கு மெஷினில் 0.40 சதவீதம், ஒரு விற்பனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். அறவே இல்லை. கடன் அட்டைக்கு இப்படிப்பட்ட வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. பக்கத்தில் கியூ.ஆர். அட்டை இலவசமாக நிற்கும்போது இரண்டு சதவீதம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? 'கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் கூட வரும்' என்ற வசனம் பிறப்பது இங்கேதான். டெபிட் கார்டுக்கு அப்படிக் கூடுதலாக வசூலிப்பதை ரிசர்வ் வங்கி 2013இலேயே அனுமதிக்க முடியாது என்றது. கடன் அட்டைக்கு அப்படி வசூலிக்கும் முன் வங்கி ஒப்பந்தத்தின் விதியைப் பார்ப்பது நல்லது. ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்துச் செலுத்தும் முறை 2022இல் வந்தது. அதில் சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான விற்பனைக்குக் கட்டணம் கிடையாது.

விண்ணப்பம் கடினமல்ல. பான் அட்டை, கடையின் பெயரில் நடப்புக் கணக்கு, முகவரிச் சான்று, ஜி.எஸ்.டி. அல்லது உத்யம் பதிவு ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். கடையின் தொழிலுக்கேற்ப நான்கு இலக்க வகைக் குறியீடு ஒன்றும் ஒதுக்கப்படும். மளிகைக் கடைக்கு 5411, உணவகத்துக்கு 5812, நகைக்கடைக்கு 5944. தவறான குறியீட்டில் பதிந்துவிட்டால் கட்டண விகிதமும் மாறக்கூடும்.

வங்கியை நேரடியாக அணுகாமல் இடையில் உள்ள நிறுவனம் வழியாகச் சேர்வது இன்னொரு பாதை. இதற்குப் பெயர் பெற்ற முன்னோடி அமெரிக்காவில் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் கண்ணாடிக் கலைப்பொருள்கள் செய்துவந்த ஜிம் மெக்கெல்வி, வாங்க வந்தவரின் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையை ஏற்க வழியில்லாமல் ஒரு விற்பனையை இழந்தார். அவரும் ஜாக் டோர்சியும் 2009இல் ஸ்கொயர் நிறுவனத்தைத் தொடங்கினர். கைப்பேசியின் ஹெட்போன் துளையில் செருகும் சின்னக் கருவியும், மாத வாடகை இல்லாத 2.75 சதவீத ஒரே கட்டணமும் தொடக்க காலத்தில் அதன் அடையாளமாக இருந்தன. கருவியைவிட முக்கியமானது அதன் பின்னணி: வங்கிகள் பொருட்படுத்தாத ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்களை ஒரே குடையின் கீழ் அது சேர்த்தது. இந்தியாவில் ரேசர்பே போன்ற பேமென்ட் அக்ரிகேட்டர்கள் செய்வது ஏறக்குறைய இதுதான். இவர்களுக்கு 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதிமுறை வகுத்தது. கடைகளுக்குச் சேர வேண்டிய பணத்தை இவர்கள் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும்.

அட்டை எண்ணைக் குறித்துவைக்கும் பழக்கம் சில கடைகளில் இருந்தது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை விவரங்களைச் சேமிக்கக் கூடாது. இணையக் கடைகளில் அந்த இடத்தில் டோக்கன் எனும் மாற்று எண் வந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. சரக்கே விற்காமல் அட்டையைத் தேய்த்து, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் கொடுப்பது. தெரிந்தவர்தானே என்று செய்யும் இந்த உதவி ஒப்பந்த மீறல். வங்கி கண்டுகொண்டால் மெஷின் முடங்கும், பணமும் நிறுத்திவைக்கப்படலாம்.

ஒழுங்காக விற்ற பணமும் திரும்பிப் போகலாம். 'இந்தப் பொருள் எனக்கு வரவில்லை', 'இந்தச் செலவை நான் செய்யவில்லை' என்று வாடிக்கையாளர் தம் வங்கியிடம் முறையிட்டால், தொகை கடைக்காரர் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. தீபாவளி விற்பனைக்கான புகார் தை மாதத்தில் வந்து நிற்கலாம். கடைக்காரர் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தராவிட்டால் வழக்கு தானாகவே தோற்றுவிடும். பில்லின் நகல், சார்ஜ் ஸ்லிப், பொருள் அனுப்பியிருந்தால் கூரியர் ரசீது ஆகியவைதான் சான்று. சார்ஜ் ஸ்லிப் பெரும்பாலும் வெப்பத் தாளில் அச்சாவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அன்றன்றே படமெடுத்துத் தேதிவாரியாக வைத்திருக்கும் கடைக்காரர்தான் 119ஆம் நாள் வரும் கடிதத்துக்கும் பதில் எழுத முடியும்.