ஹந்தானை அடிவாரத்து ஆய்வுகள்: மண்ணும் மனிதரும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் ஹந்தானை மலைத்தொடரையும் இணைத்துப் பேசும் எழுத்துக்கள் பெரும்பாலும் இயற்கை எழிலைப் பற்றியனவாகவே இருந்து வந்துள்ளன. 1952இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் இங்கு இடம்பெயரத் தொடங்கிய நாள் முதலாகப் பனிமூட்டமும் மரநிழலும் மகாவலியும் கவிதைக்கும் மலர் வெளியீடுகளுக்கும் பொருளாகியுள்ளன. ஆனால் வளாகத்தின் ஒரு பகுதி முன்னர் தேயிலைத் தோட்டமாக இருந்த நிலம் என்பதும், மேலேயுள்ள சரிவுகளில் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்து வந்துள்ளனர் என்பதும் அவ்வெழுத்துக்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இம்மலையின் அடிவாரத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. தாவரவியல், சமூகவியல், பொறியியல் ஆகிய மூன்றிலும் இவ்வூருடன் தொடர்புடைய அறிஞர்கள் உலகம் ஏற்றுக்கொண்ட முடிவுகளை எட்டியுள்ளனர். மலைநாட்டு மண்ணையும் அதன் மேல் வாழும் மனிதரையும் விளங்கிக்கொள்வதற்கு இம்மூன்றும் ஒருங்கே வேண்டியவை. எனினும் அவை ஒன்றையொன்று சந்தித்தது மிகக் குறைவு. ஏன் சந்திக்கவில்லை என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா.

முதலிற் தாவரவியலை நோக்குவோம். பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்து ஆறாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பூங்காவிற்கு அண்மையில் கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பி பயிரிட்டார். ஆளுநரே தோட்ட முதலாளியாகவும் இருந்த ஆட்சியில் அரசினது விஞ்ஞானம் எந்தத் திசையில் வளரும் என்பதை ஊகிப்பதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், கண்டியக் கிராமத்தவரின் சேனை நிலங்களையும் காடுகளையும் அரசுடைமை எனக் கொள்வதற்கு வழிசெய்தது. அந்நிலங்கள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. காடு எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1870களில் இலங்கையிற் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. பூங்காவின் பொறுப்பாளராக இருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திற்கு அனுப்ப, பூஞ்சணவியலாளரான பெர்க்லி அதற்கு ஹெமிலேயா வாஸ்ராட்றிக்ஸ் எனப் பெயரிட்டார். 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய்வதற்கென்றே இங்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டு காலம் அவர் செய்த ஆய்வு தாவர நோயியல் வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. வித்திகள் காற்றினாற் பரவுகின்றன, இலையின் அடிப்பக்கத்து நுண்துளை வழியாக உட்புகுகின்றன, இடைவெளியின்றி ஒரே பயிர் பரந்திருப்பதே நோய் விரைந்து பரவுவதற்கு வாய்ப்பளித்தது என்பன அவர் கண்ட முடிவுகளின் சாரம். வார்ட் அளித்தது மருந்தன்று, ஒரு விளக்கம். தோட்டக்காரர் எதிர்பார்த்ததோ மருந்து. விளக்கத்தை ஏற்றால் ஒற்றைப் பயிர்த் தோட்டமுறையையே கேள்விக்குட்படுத்த வேண்டியிருந்திருக்கும். நடந்தது வேறு. கோப்பியின் இடத்திற் தேயிலை வந்தது. ஒற்றைப் பயிர் முறை அவ்வாறே நின்றது. ஹந்தானைக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை பயிரிட்டிருந்தார். அவருடன் தொடர்புடைய பொருட்கள், 1925இற் கட்டப்பெற்று 2001இல் அருங்காட்சியகமாக மாற்றப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலையில் இன்று வைக்கப்பட்டுள்ளன.

மண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் அக்காலத்திலேயே எழுந்தது. 1873இல் கியூ பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் தலையீட்டையடுத்து, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் தடுக்கப்பட்டது. நீரூற்றுக்களைக் காக்கும் நோக்கத்திற் செய்யப்பட்ட நல்ல காரியந்தான். ஆயின் ஹந்தானையின் அதியுயர்ந்த சிகரமும் நாலாயிரம் அடியை எட்டுவதில்லை. அந்தக் கோடு வரையப்பட்டபோது ஹந்தானை முழுவதும் அதன் கீழேயே விடப்பட்டது. கோட்டின் மேலே இயற்கை, கீழே மூலதனம் என்ற இப்பங்கீட்டில் மூன்றாவதாக ஒன்று பேசப்படவேயில்லை: சரிவுகளில் வேலை செய்தவர்கள் எங்கே படுத்துறங்கினர் என்பது.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் கீழ்க் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தவர்களின் வரலாற்றை வான்டன் டிரீசன் முதலியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இங்கு நாம் அழுத்த விரும்புவது ஒன்றே. லயம் எங்கு கட்டப்படும் என்பதைத் தீர்மானித்தது தோட்டத்தின் கணக்கு. பயிருக்கு உகந்த நிலம் பயிருக்கே உரியது. எஞ்சிய துண்டிலே லயம் எழுந்தது. கோப்பிக் காலத்திற் பருவத்திற்கு வந்து திரும்பும் தொழிலாளருக்கு அது தங்குமிடம். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக் காலத்தில் அதுவே தலைமுறைகளின் வீடாயிற்று. இந்த மாற்றத்தை விவசாய விஞ்ஞானம் விளைச்சற் கணக்கிலே கண்டது. குடியிருப்புக் கணக்கிற் காணவில்லை.

சமூகவியல் இக்குறையை நிரப்பியதா? பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்த சில ஆண்டுகளுள்ளேயே இத்துறையில் மதிப்புமிக்க நூல்கள் தோன்றின. ரால்ப் பீரிஸ் கண்டிக்காலச் சிங்கள சமூக அமைப்புப் பற்றி 1956இல் எழுதினார். என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் பாத்ததும்பறைப் பகுதியில் நடத்திய கள ஆய்வு ‘சிதைவுறும் கிராமம்’ எனும் பொருள்படும் தலைப்பில் 1957இல் வெளிவந்தது. நிலமின்மை, குத்தகை, கடன் என்பவற்றைப் புள்ளிவிபர அடிப்படையில் வெளிக்கொணர்ந்த முன்னோடி முயற்சி அது. கிராமம் என்பது ஒத்திசைவான பழம்பெரும் அமைப்பு என்ற மயக்கத்தை அது உடைத்தது. அவ்வகையில் முற்போக்கான பணி. பின்னர் நியூட்டன் குணசிங்க மார்க்சிய நோக்கில் இதனை ஆழப்படுத்தினார். முதலாளித்துவம் கண்டிய நாட்டுப்புறத்திற் பழைய உற்பத்தி உறவுகளை முற்றாக அழிக்காது, தன் தேவைக்கேற்ப அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டியது என்பது அவர் வாதம். 1988இல் அவர் மறைந்தபின், 1990இல் அந்நூல் வெளியாயிற்று.

இவை அனைத்தினதும் ஆய்வுப் பொருள் கிராமமே. தோட்டம் கிராமத்தை நெருக்கும் எல்லையாக வருகின்றது. தானே ஒரு சமூகமாக வருவது குறைவு. இதனை ஆய்வாளரின் தனிப்பட்ட பாரபட்சம் என்று கொள்வது எளிய வழி. உண்மையான காரணம் அரசியலில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே தொகை பிரித்தது. நாளை இங்கிருப்பாரோ என்று தெரியாத மக்கள் தேசிய அபிவிருத்தி ஆய்வின் பொருளாவதில்லை. இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்ற 1970களின் கூட்டரசாங்கத்தின் கீழ் நிலச்சீர்திருத்தம் வந்தபோது, கண்டி மாவட்டத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டதும் பட்டினி கிடந்ததும் நடந்தன. நிலத்தைத் தேசியமயமாக்குதல் முற்போக்கு என்று எழுதிய எம்மவர் பேனாக்கள், அந்நிலத்திலிருந்தவர் தெருவுக்கு வந்ததை எழுதத் தயங்கின. இது நமது மரபு இன்னும் முழுமையாக முகங்கொடுக்காத ஒரு விடயம்.

தமிழ்த்துறையையும் இதிலிருந்து விலக்கிவிட முடியாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மீட்டெடுத்து ‘கர்ணன் போர்’ முதல் ‘இராவணேசன்’ வரை 1960களில் மேடையேற்றியமை தமிழ் நாடக வரலாற்றின் திருப்புமுனை. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேராதனையிற் கற்றுப் பின்னர் பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, இலக்கியத்தைச் சமூக வரலாற்றோடு பொருத்திக் காணும் நெறியை நமக்குத் தந்தனர். ஆயினும் களஆய்வு பெரும்பாலும் மட்டக்களப்பையும் மன்னாரையும் நாடிச் சென்றது. நடந்தே போகக்கூடிய தொலைவிலிருந்த தோட்டங்களின் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் நெடுங்காலம் காத்திருந்தன. மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டி அளித்தவர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே நின்ற சி. வி. வேலுப்பிள்ளை. நடைவழிச் சாவு, கங்காணியின் கடன், தராசில் நிகழும் மோசடி என ஆவணக்காப்பகத்து அறிக்கைகள் ஒரு வரியிற் கடந்து செல்பவற்றை அப்பாடல்கள் விரித்துரைக்கின்றன. இலக்கிய மாணவர் என்ற வகையில் இவற்றை நாம் சான்றாகவே கொள்கின்றோம்; அழகியற் பொருளாக மட்டும் அன்று.

ஆய்வு நடைபெறுவதற்குரிய சூழலும் சமூகத்தாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. தம்பையா 1956இல் மாணவர் குழுவுடன் கல்லோயாவில் இருந்தபோது இனக்கலவரம் வெடித்தது. அவர் பின்னர் நாட்டைவிட்டு நீங்கினார். 1983 மே மாதத்திற் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டு வெளியேறினர். கற்பித்தவரும் கற்றவரும் கலைந்து போகும் இடத்தில் துறைகளுக்கிடையிலான உரையாடலை எதிர்பார்ப்பது எவ்வாறு?

இனிப் பொறியியல். இங்கு ஒரு தமிழ் அறிஞரின் பணியைச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும்; ஏனெனில் நமது சஞ்சிகைகளில் அது பேசப்படுவதேயில்லை. பேராசிரியர் அழகையா துரைராஜா 1960களின் தொடக்கத்திற் கேம்பிரிட்ஜில் மண் பொறிமுறை பற்றி ஆய்வு செய்தார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் இணைந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்று. அதன் கருத்தை எளிமையாகக் கூறலாம். களிமண்ணை அழுத்தி வழுக்கச் செய்தால் அதன் கனவளவு முதலில் மாறும். தொடர்ந்து வழுக்கும்போது ஒரு கட்டத்தில் அழுத்தமும் கனவளவும் மாறாமல், மண் பாய்பொருள் போல ஓடத் தொடங்கும். அதுவே மாறுநிலை. வழுக்கும் மண் உராய்வினால் எவ்வளவு சக்தியை இழக்கின்றது என்பதைத் துரைராஜா பரிசோதனை வாயிலாகக் கணித்தார். அதன்மீது எழுந்த மாதிரிக்குக் கேம்பிரிட்ஜின் காம் ஆற்றின் பெயர் இடப்பட்டது. உலகெங்கும் அணைக்கட்டு, சுரங்கம், மலைச்சரிவு ஆகியவற்றைக் கணிப்போர் அம்மாதிரியின் வழிவந்தவற்றைப் பயன்படுத்துகின்றனர். துரைராஜா பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994இல் மறையும்வரை போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

மழைநீர் மண்ணின் துளைகளை நிரப்பும்போது மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றும் வலு குறைகின்றது, சரிவு நழுவுகின்றது. இதனை இயற்பியல் முழுமையாக விளக்கும். ஆனால் நழுவும் சரிவின் மேல் யார் இருக்கின்றார்கள் என்பதற்கு இயற்பியலில் விடையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கத் தொடங்கியது. பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆபத்தில் உள்ளன என்றும் அங்குள்ளோர் இடம்மாற வேண்டும் என்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அறிவியலின் பக்கத்திற் குறைபாடு இல்லை. எச்சரிக்கை சரியாகவே இருந்தது.

‘இடம்மாறுக’ என்ற அறிவுறுத்தலை யார் நிறைவேற்றுவது? லயத்தில் வாழ்பவருக்கு லயம் உரிமையானதன்று. நிலம் அரசினது, 1992 முதல் முகாமை கம்பனிகளிடம். தோட்டம் ஒரு மேட்டுநிலத் துண்டை விடுவிக்க வேண்டுமெனில் விளைச்சலில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டத்துடன் நாடற்ற நிலை பெரும்பாலும் நீங்கிற்று, காணியின்மை நீங்கவில்லை. கிராமத்தவர் ஒருவருக்கு அபாய அறிவித்தல் கிடைத்தால் விற்கவோ மாற்றவோ அவருக்கு ஓரளவு நிலமிருக்கலாம். தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்தல் மட்டுமே கிடைக்கின்றது. 1840இன் சட்டமும் 1948இன் சட்டமும் மண்ணின் நீரழுத்தத்தோடு சேர்ந்தே இங்கு செயற்படுகின்றன. தாவரவியலாளர் எழுதிய ஒற்றைப் பயிரும், சமூகவியலாளர் எழுதிய நிலமின்மையும், பொறியியலாளர் எழுதிய மாறுநிலையும் ஒரே சரிவில் ஒரே இரவில் ஒன்றுகூடுகின்றன.

துறைகளை இணைத்த ஆய்வு இயலாதது என்று கூறுவோர்க்குப் பேராதனையிலேயே மறுப்பு உண்டு. வடமத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் துணியப்படாத சிறுநீரக நோயை ஆராய மருத்துவர், புவியிரசாயனவியலாளர், விவசாய விஞ்ஞானிகள் எனப் பலரும் ஈடுபட்டு, நிலத்தடி நீரின் கடினத்தன்மையையும் புளோரைட்டையும் சேர்த்து நோக்கியுள்ளனர். தோட்டச் சரிவுகளைப் பற்றி அத்தகைய ஒருங்கிணைந்த அக்கறை உருவாகாமைக்குக் காரணம் முறையியலன்று. மொழியும் இதில் ஓரளவு பங்கு வகிக்கின்றது. கலைப்பீடம் 1960ஐ ஒட்டித் தாய்மொழிக்கு மாறியது. பொறியியல் ஆங்கிலத்தில் நின்றது. ஒரே வளாகத்தில் ஆற்றின் இரு கரைகளிலும் இருவேறு மொழிகள். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்திருக்க, மண் பொறிமுறையைத் தமிழில் எழுத முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழையில் மலைநாடெங்கும் சரிவுகள் நழுவின. அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாட்டில் உயிரிழந்தனர். கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரிது. மகாவலி பெருக்கெடுத்தது. மீண்டும் வரைபடங்கள் விரிக்கப்பட்டன, மீண்டும் சிவப்பு வலயங்கள் குறிக்கப்பட்டன. அவ்வலயங்களுள் அடங்கும் லயங்களின் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு லயமும் நிற்கும் காணி யாருடைய பெயரில் உள்ளது என்ற ஒரு நிரலையும் அப்பட்டியலிற் சேர்க்குமாறு கேட்க வேண்டியவர்கள் பொறியியலாளர் மட்டுமல்லர்.